எந்த ரவை என்று சொல்லிவிடுங்கள்

இஞ்சாருங்கோ,

நான் டோர்வலுக்கு வேலைக்குப் போகிறேன். மூன்று மணிக்கு நமது அகதி வழக்கின் சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளருடன் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் குசினி மேசையில் கிடக்கும் துப்பாக்கி ரவைக் கோதுகளைக் கீழ்வீட்டு கஸ்தோனிடம் கொடுத்துவிடுங்கள். அறுநூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் கடதாசியைச் சுடுவதற்கு அவர் சுட்ட கோதுகளில் மறுபடி மருந்து போட்டுத் தன் ரவைகளைத் தானே நிரப்புவது அவர் பாடு. நீங்கள் கோது துடைத்து அளந்து கொடுப்பதும் குற்றமில்லை. ஒன்று மயிரளவு பருத்தாலும் அவருடைய அரைத் தானியங்கித் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும் என்று எனக்கே வகுப்பெடுத்தீர்கள்.

சிக்கியது நாம்தான். போன கிழமை மொழிபெயர்ப்பாளர், "சனிக்கிழமைல என்ன பண்றீங்க?" என்று கேட்க, "ரவை நிரப்பிறன்" என்றீர்கள். அந்த மதுரைக்காரருக்குத் தெரிந்த ரவை கோதுமை ரவை மட்டும்தான். சட்டத்தரணி உங்களை ரவை ஆலைத் தொழிலாளி என்று எழுதிக்கொண்டார். இன்று ஆலை முதலாளியின் கடிதம் கேட்பார்.

"அது கடவுளாப் பாத்து விட்ட பிழை, விடப்பா" என்று நேற்றுச் சிரித்தீர்கள். கடவுளை விசாரணைக்குக் கூப்பிட மாட்டார்கள். அங்கே இந்தப் பொய் பிடிபட்டால், உங்கள் அண்ணையை ஆமி கொண்டுபோன உண்மையையும் நம்ப மாட்டார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.

ராணி

மறந்துவிட்டேன்: சட்டியில் உப்புமா இருக்கிறது. உண்மையைச் சொன்ன பிறகு பரிமாறுங்கள். முதலே கொடுத்தால் அது சாட்சியமாகிவிடும்.