நான் விழுங்கிய நாலு வரி

இன்று காலையில் பக்கத்துக் காம்பராவிலிருந்து அந்த எண்ணெய் வாடை வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் வழுக்கி விழுந்து கை முறிந்த ஒருவன், பல்லேபொலப் பக்கம் முறிவு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். எள்ளெண்ணெயும் ஏதோ மரப்பட்டையும் சேர்ந்து கருகின வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து அதை இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தேன். உன் முதுகில் தொங்கிய கொழுந்துக் கூடையும், அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்த நம் நாய் சோனியின் மூக்கும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டன.

உன்னை நான் ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. 'அடேய்' என்பேன், கோபம் வந்தால் 'மடப்பயலே' என்பேன். இப்போதும் அப்படித்தான் எழுத வரும். பொறுத்துக்கொள்.

ஒரே கங்காணி கூட்டி வந்த ஆட்கள் நாம். ஒரே கப்பல், மாத்தளை வரைக்கும் ஒரே ரயில், அங்கிருந்து றத்தோட்டைக்கு மேலே ஒரே நடை. கழுத்தில் தோட்டத்து நம்பர் அடித்த வட்டத் தகரத்தைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். தோட்டத்து ஆபீசில் அதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் கொடுத்தோம். நீ மட்டும் கைகட்டி நின்று, "கடல்ல விழுந்துருச்சுங்க" என்றாய். தகரம் உன் இடுப்பு மடிப்பில் இருந்தது எனக்குத் தெரியும். எதுக்குடா இந்தத் திருட்டு என்று கேட்டேன். "வழி பூரா நம்ம மூஞ்சிய ஒருத்தனும் பாக்கலடா. இந்தத் தகரத்தப் பாத்துத்தான் சோறு போட்டான். இருக்கட்டும், ஒதவும்" என்றாய். உதவத்தான் செய்தது, ஆனால் உனக்கு அல்ல.

நாலு வருசம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை றத்தோட்டைக் கடைத்தெருவில் சோனி நமக்குக் கிடைத்தது. மாத்தளையிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வரும் முஸ்லிம் நானாவின் மாட்டு வண்டி அதன் பின்னங்காலில் ஏறிவிட்டது. எலும்பும் தோலுமான கடைத்தெரு நாய். கத்தக்கூடத் தெம்பில்லாமல் மண்ணில் வட்டம் சுற்றியது. நானா வண்டியை விட்டுக் குதித்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அல்லாவே! நான் காணலியே தம்பி, வேணுமிண்டு ஏத்தலியே" என்று உன்னிடம் சொன்னார், நாய் உன்னுடையது போல. நீயும் உன்னுடையது போலவே தலைப்பாகையை அவிழ்த்து அதைச் சுற்றித் தூக்கினாய்.

"எங்கடா தூக்கிட்டுப் போற?" என்றேன்.

"வீட்டுக்கு."

"வீடா? பத்தடிக் காம்பராவுல நாம ஆறு பேரு கெடக்கோம்!"

"அப்ப ஏழு."

அந்த மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் வெறிநாய் கடித்து ஒருவன் செத்திருந்தான். ஆளில்லாத நாய்களை எல்லாம் சுடச் சொல்லித் துரை உத்தரவு போட்டிருந்தார். துப்பாக்கிக்காரன் கூலியாட்களின் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக வந்துகொண்டிருந்தான். நம் வாசலுக்கு அவன் வந்தபோது சோனியின் கழுத்தில் அந்தத் தகரம் தொங்கியது. நம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோட்டத்து நம்பர்தான். "ஆபீசு நாயா?" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டான். நீ சிரிக்கவில்லை. "நம்மள மாதிரியே இதுவும் பதிஞ்ச ஆளுதான்" என்றாய். சோனி என்று நீ பேர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

கால்தான் கூடவில்லை. புண் வீங்கிச் சீழ் பிடித்தது. தோட்டத்து மருந்துக்காரர் நாயைத் தொட மாட்டேன் என்று கதவைச் சாத்தினார். மாத்தளை டவுனில் மாட்டு டாக்குத்தர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனாய். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஊசி ஒன்று போட்டார். அடுத்த முறை போனபோது மறுபடி வாங்கிக்கொண்டு, "சுட்டுப் போடுவதுதான் புண்ணியம்" என்றார். திரும்பி வந்து நீ அன்று சாப்பிடவில்லை. பிறகு அந்த நானாதான் வழி சொன்னார். "பல்லேபொலயில ஒரு வெதமாத்தயா இரிக்கார். முறிவு தறிவுக்குப் பேர்போன மனுசன். என்ட மாட்டுக்கும் கட்டினவர். நான் வண்டியில ஏத்திப் போறன், கூலி வேணா" என்றார்.

அந்தச் சிங்கள வைத்தியர் நாய் என்று முகம் சுளிக்கவில்லை. விரலால் எலும்பைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு நானாவிடம் ஏதோ சொன்னார். "இது படி ஏறி இறங்கக் கூடாதாம். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இஞ்சயே கிடக்கணும், சொந்தக்காரனும் கிட்ட இரிக்கணும். இல்லாட்டி கட்ட கடிச்சுப் பிச்சுடுமாம்" என்று நானா நமக்குச் சொன்னார். வைத்தியர் கூலி கேட்கவில்லை. வெற்றிலைக்குள் வைத்து நீ கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். ஆனால் எண்ணெய்க்கும் மருந்துச் சரக்குக்கும் உன் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது? வேலைக்கு வராத நாளுக்கெல்லாம் செக்ரோலில் பேர் விழாதே, சம்பளமும் வராதே, அதற்கு யார் பொறுப்பு? ஊருக்குப் போவதற்கென்று தகரப் பெட்டியில் நீ சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் சோனியின் காலுக்குப் போனது.

அந்தத் தைப் பொங்கலுக்கு நாம் இருவரும் சேர்ந்து ஊருக்குப் போவதாக இருந்தோம். உன் அம்மாவுக்கு அதை எழுதினவனே நான்தான். அவர்களுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்றும், உன் முகம் தெரியும்போதே பார்த்துவிட வேண்டும் என்றும் பதில் வந்திருந்தது. நீ போகவில்லை என்றதும் நானும் போகவில்லை. தனியாகக் கப்பலேற எனக்குப் பயம். அதை ஒத்துக்கொள்ளாமல், உன்னால்தான் என் பயணமும் கெட்டது என்று உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தேன்.

கட்டுப் பிரித்து நீ திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை. சோனி உன் தொடையில் தலை வைத்துக் கிடந்தது. "அம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதுடா. காச்சலாக் கெடந்தேன், அதான் வர முடியல, அடுத்த பொங்கலுக்குக் கட்டாயம் வாறேன்னு எழுது" என்றாய். நான் எழுதினேன். எழுதி முடித்து, காய்ச்சல் என்றுதான் உனக்கு வாசித்தும் காட்டினேன். தாளில் இருந்தது வேறு. 'உங்கள் மகன் ஊருக்கு வர வைத்திருந்த பணத்தையெல்லாம் ஒரு தெருநாயின் காலுக்குச் செலவழித்துவிட்டான். பெற்ற தாயைவிட அவனுக்கு நாய் பெரிதாகிவிட்டது.' எழுத்துத் தெரியாத சிநேகிதனின் கடிதத்தில், அவன் கண்ணுக்கு முன்னாலேயே அப்படி எழுதின கை இந்தக் கை.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஊரில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தாலும் அம்மா பேசுகிற மாதிரியே இருந்தது. நீ துள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினாய். நான் வாசிக்கத் தொடங்கினேன். ஊர் சுகம், மழை, ஆடு ஈன்றது. கீழே கடைசியாக நாலு வரி. அம்மா உன்னைத் திட்டியிருந்தால் சத்தம் போட்டு வாசித்திருப்பேன்டா, சத்தியமாக. அவர்கள் திட்டவில்லை. நாயைப் பற்றி விசாரித்திருந்தார்கள். அதை வாசித்தால், அம்மாவுக்கு நாய் விசயம் எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். நான் மாட்டிக்கொள்வேன். 'இப்படிக்கு' என்று முடித்துத் தாளை மடித்து என் பெட்டிக்குள் போட்டேன்.

"நான் வராததப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல."

"ஒரு வார்த்தகூட?"

"அதான் இல்லைங்கிறேன்ல!"

நீ சோனியின் காதைத் தடவிவிட்டாய். "கோவமா இருக்காங்க" என்றாய்.

அதற்குப் பிறகு நீ பீடியை விட்டாய், பண்டிகைக்கு வேட்டி எடுப்பதை விட்டாய். மழையிலும் ஒரு நாள் பேரும் விடாமல் மலைக்குப் போனாய். அடுத்த பொங்கலுக்குள் போய் அம்மா காலில் விழுந்துவிட வேண்டும் என்பதே உன் பேச்சு. சோனி நொண்டி நொண்டி உன் பின்னாலேயே வரும். எனக்கும் அது வாலாட்டும், வெட்கங்கெட்ட நாய். அது வாலாட்டும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று தோன்றும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மார்கழியில் வந்த கடுதாசியின் மூலையில், சாவுச் சேதிக்குத் தடவுகிற கரி தடவியிருந்தது. அதை உள்ளே கொண்டுவராமல் வாசலிலேயே நின்று வாசித்தேன். வழக்கப்படி வாசித்ததும் கிழித்துப் போட்டேன். நீ அழவில்லை. "கோவத்தோடயே போயிட்டாங்கடா" என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் பெட்டியின் அடியில் அந்த நாலு வரி இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு நிமிசம் ஆகாது. நான் கொடுக்கவில்லை. என் மேல் உனக்கு இருந்த நம்பிக்கை போய்விடுமே என்று பயந்தேன். அந்த நம்பிக்கைக்கு நான் யோக்கியனா என்று யோசிக்கவில்லை.

சோனி எத்தனையோ வருசம் இருந்தது. அது செத்த அன்று தகரத்தை அவிழ்த்து நீ என்னிடம்தான் கொடுத்தாய், பத்திரமாக வைக்கச் சொல்லி. அடுத்த மழைக்காலத்தில் ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துக் குளிர்காற்று உன் நெஞ்சில் இறங்கியது. கடைசி நாள் மத்தியானம், ஊருக்கு ஏதும் எழுதவா என்று கேட்டேன். "இனி நீ எழுத வேணாம்டா. நானே போய் அம்மாகிட்ட நேர்ல சொல்லிக்கிறேன். மன்னிச்சிருவாங்க, இல்ல?" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அன்றும் ஆட்டத்தான் செய்தேன்.

நேரில் போய்விட்டாய் என்றால் இதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். யார் எழுதினது, யார் மறைத்தது என்று அம்மா சொல்லியிருப்பார்கள். நீ என்னை 'மடப்பயலே' என்று திட்டினாலும் சரிதான். ஆனால் வந்த கடுதாசியை வாசிப்பது என் வேலை. பாக்கி வைத்துவிட்டேன். அந்தத் தாளும் தகரமும் இன்றுவரை என் பெட்டியில்தான் இருக்கின்றன. மடிப்பில் கிழிந்துவிட்டது, எழுத்து மட்டும் அழியவில்லை. வாசிக்கிறேன், கேள்.

'நாய்க்குக் காலு கூடிருச்சான்னு எழுதச் சொல்லு, அதுக்குப் பேரு என்ன வச்ச. நீ அங்க ஒத்தையில கெடக்கியேன்னு நாலு வருசமா எனக்குத் தூக்கம் கெடையாது. இப்ப உம் பக்கத்துல ஒரு சீவன் படுத்திருக்குன்னு கேட்டதுலருந்து நல்லாத் தூங்குறேன். காசு போனாப் போவுது ராசா, அதுக்குச் சோறு வைக்காம நீ திங்காத.'

இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு உன்மேல் கோபமே இல்லையடா.