பிக்கட்டி பஸ்ஸும் உன் வியாழக்கிழமை விரதமும்

என் செல்லக் கள்ளி அம்மாவுக்கு,

நேற்று வியாழக்கிழமை. நேற்று மத்தியானம் பிடித்த திகைப்பு இந்த நிமிடம்வரை என்னை விடவில்லை. நீ போய்விட்டாய் என்று போன் வந்தபோதுகூட இப்படி வாயடைத்துப் போகவில்லை. அப்போது அழுகையாவது வந்தது. நீயா அம்மா? நிஜமாகவே நீயா இப்படிச் செய்தாய்?

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் காரியம் முடிந்த பிறகும் நான் குன்னூரில் என் வீட்டுக்குத் திரும்பவில்லை. நம் பெர்ன்ஹில் வீட்டில்தான் இருக்கிறேன். எல்லாம் அப்பாவால்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் உன் விரதத்தைப் பற்றியே பேசினார். "வியாழக்கெழமையானா பச்சத் தண்ணி பல்லுல படாதுங்க அவளுக்கு. அந்த வெரதத்துலதான் இந்த ஊடே நிக்குது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அதோடு விட்டாரா? "அவ விட்ட வெரதத்த நான் புடிக்கிறேன். இனி என் ஆயுசுக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார்.

சர்க்கரைக்காரர் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? போன வியாழன் குளியலறை வாசலில் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். தம்பி கெஞ்சிப் பார்த்தான். டாக்டர் சத்தம் போட்டார். "அத்தன வருசம் அவ கெடந்தா. எனக்கென்ன கேடு?" என்று ஒரே பிடி. இப்படியே போனால் உன் பின்னாலேயே வந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அந்த விரதம் எனக்காக ஆரம்பித்தது என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. என் கல்யாணம் தள்ளிக்கொண்டே போன சமயம். வியாழன்தோறும் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி பிக்கட்டிக்குப் போவாய். அங்கே குன்றின்மேல் உள்ள சிவன் கோயிலில் தட்சிணாமூர்த்திக்கு விளக்குப் போட்டுவிட்டு சாயங்காலம் திரும்புவாய். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் நீ நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டு நான் பெட்டி கட்டிய நாட்கள் உண்டு. 'அம்மா பட்டினி கிடந்து வாங்கிய வரமாச்சே' என்று கட்டிய பெட்டியை நானே பிரித்து வைத்திருக்கிறேன். அது தெரியுமா உனக்கு?

உன் விளக்கு விட்டுப்போகக் கூடாது என்று அப்பாதான் நேற்று என்னை அனுப்பினார். அவருக்கும் தம்பிக்கும் தீட்டு. வருஷம் திரும்பாமல் மலைக்கோயில் ஏறக் கூடாது. "கட்டிக் குடுத்த புள்ளைக்கு மூணு நாளோட தீட்டு போச்சு. நீ போயி ஒரு தேங்காய ஒடைச்சு, வெளக்குப் போட்டுட்டு வா சாமி" என்றார். நானும் உன்னைப்போலவே பச்சைத் தண்ணீர் குடிக்காமல், தேங்காயும் எண்ணெயும் வைத்த பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

படியில் கால் வைத்ததுமே கண்டக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, பெர்ன்ஹில் அம்மாவோட பொண்ணுங்களா? அச்சு அசல் அதே மூஞ்சி. அம்மா எங்கீங்க? கொஞ்ச வாரமா ஆளையே காணோமே?"

சொன்னேன். அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பியது.

"இதுல உக்காருங்க, அம்மா சீட்டு" என்று இன்ஜின் பெட்டியை ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினார் கண்டக்டர். "ஏறுனதும் செருப்பக் கழட்டிட்டு, கால ரெண்டையும் பெட்டி மேல வெச்சுக்குவாங்க. இந்தக் குளுருக்கு அது அப்பிடி ஒரு சொகமுங்க. மஞ்சூர் தாண்டுற வரைக்கும் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே வருவாங்க."

நீயா? வீட்டில் ஆண்கள் இருக்கும்போது நீ கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே! வெடித்துப்போன உன் குதிகால்கள் எந்நேரமும் ஐஸாகக் கிடக்கும். அதையும் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொள்பவள் நீ. இவர் யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று முடிவு கட்டினேன். கோயிலுக்கு எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கேட்டேன்.

"கோயிலுங்களா?" அவர் விழித்தார். "அம்மா கோயிலுக்கெல்லாம் போனதில்லீங்களே. பஸ்ஸ விட்டு எறங்குனா டீக்கடை, டீக்கடைய விட்டா பஸ்ஸு. நாங்க டீ குடிச்சுட்டு வண்டிய எடுக்கறப்ப அவங்களும் ஏறிக்குவாங்க."

அம்மா, எனக்கு ஒரு கணம் காது கேட்கவில்லை.

பிக்கட்டியில் இறங்கியதும் கண்டக்டரே என்னை அந்தக் கடைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். கடைக்கார அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே ஒரு தட்டை என்முன் வைத்தார். இரண்டு மிளகாய் பஜ்ஜி. பக்கத்தில் டிகாக்ஷன் தூக்கலாக ஒரு கிளாஸ் டீ. "மழைன்னா இன்னொண்ணு சேத்துக் கேப்பாங்க. காரம் ஏறுனதும் ஸ்ஸ்ஸுன்னு உறிஞ்சிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாருங்க, கடையில இருக்கறவங்க அத்தன பேரும் சிரிச்சுருவோம்" என்றார்.

"அம்மா விரதமில்லையா?" என்றேன்.

"வெரதமா? யாருக்குங்க?"

எனக்கு வந்தது பார் ஒரு கோபம்! சாமி பேரில் பொய்யா? அதுவும் குருவிடமேயா? அதைக்கூட விட்டுவிடலாம். கடை முழுக்கச் சேர்ந்து சிரிக்கும்படி நீ சிரிப்பாய் என்பது எங்களில் யாருக்காவது தெரியுமா? வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டுதானே சிரிப்பாய்? நாங்கள் யாரும் இல்லாத இடத்தில் நீ சந்தோஷமாக இருந்திருக்கிறாய். அதுதான் சுருக்கென்று தைத்தது. ஒளிப்பானேன், எனக்கு அந்தக் கடைக்கார அக்காமேல் பொறாமையாக இருந்தது.

அப்புறம் அந்தப் பஜ்ஜியைத் தின்றேன். நல்ல பசி. வாரக்கணக்காகத் துக்க வீட்டுச் சாப்பாட்டில் செத்துக் கிடந்த நாக்குக்கு அந்தக் காரம் அவ்வளவு நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் இன்னொரு டீயும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் உன்னோடு சண்டை. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று நானே யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டு ஒரு பஜ்ஜி தின்றுவிட்டு வருகிறேன் என்றால் தம்பி, 'நான் வாங்கிட்டு வந்து தரேன்' என்பான். நான், 'மூட்டு வலியோட எதுக்கும்மா அலையறே' என்பேன். அப்பாவைச் சொல்லவே வேண்டாம். சாமிக்கு என்றதும்தான் எல்லார் வாயும் அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். உதடு காய்ந்திருந்தது. "தேங்கா நல்லா ஒடஞ்சுதா சாமி?" என்றார். தேங்காய் பையில் முழுசாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் உன் ரகசியம் பிழைத்துவிடும். இவர் பிழைப்பாரா? உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் அம்மா.

"செத்தவளப் பத்தி நாக்குல நரம்பில்லாமப் பேசாதே!" என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை. இன்ஜின் பெட்டிமேல் நீ கால் வைத்துக்கொள்வதைச் சொன்னபோது எழுந்து உட்கார்ந்தார். சிரிப்பைச் சொன்னபோது, "சத்தமாவா சிரிச்சா?" என்று கேட்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"எதுக்குன்னு கேட்டிருப்பேன்" என்றார் தானாகவே. அப்புறம் தட்டைப் போடச் சொன்னார். அழுதுகொண்டே சாப்பிட்டார். ரசத்துக்கு மறுசோறும் கேட்டார்.

கை கழுவும்போது, "அடுத்த வாரம் என்னையும் அங்க கூட்டிட்டுப் போறியா?" என்றார். "வேண்டாமுங்கப்பா. அம்மா தனியாப் போன எடம். அப்பிடியே இருக்கட்டும்" என்றேன். முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் தலையாட்டினார்.

நானும் இனி அங்கே போகப் போவதில்லை. எனக்கென்று ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். அது எதுவென்று தெரியவில்லை. இந்த வயதிலும் எனக்கு என்ன பிடிக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை என்பது, உன் பஜ்ஜியைவிடப் பெரிய அதிர்ச்சி. எப்படியும் கண்டுபிடிப்பேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு எந்தச் சாமியையும் துணைக்குக் கூப்பிட மாட்டேன். எங்கே கிளம்பிவிட்டாய், எதற்கு என்று வீட்டில் யார் கேட்டாலும், "சும்மா" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

விரதம் முறித்த உன் மூத்த மகள்,
சாந்தாமணி