குலுக்கலில் வந்த வீடு

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குழந்தையும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களிடம் சொல்லக் காத்திருக்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்துவிட்டேன்.

உங்கள் அண்ணன் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

என் சமூகவியல் படிப்பில் இந்த முறை புள்ளியியல் பாடம். வீட்டுக்குள் பெண்கள் அடிபடுவது பற்றி நம் பகுதியிலேயே ஆய்வு. எல்லா வீட்டு எண்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, சிலவற்றைத் தேர்ந்தெடுத்தோம். அதில் உங்கள் அண்ணன் வீடும் வந்தது. சொந்தக்காரி போகக் கூடாதென்று என் வகுப்புத் தோழி போனாள். அப்போது வீட்டில் உங்கள் அண்ணி மட்டும்தான். அக்காவே பதில் சொன்னாராம். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தோழியிடம் கேட்கவும் மாட்டேன்.

பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்துகொண்டு உங்கள் அண்ணன் இங்கே வந்தார். "இத்தனை வீட்ல ஒண்ண எடுத்துட்டா உன் கணக்கு ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது" என்றார். குலுக்கலில் வந்ததை அவரவர் வசதிக்கு நீக்கினால், மிஞ்சும் சதவீதம் ஊரை ஏமாற்றும் என்றேன். தாளில் யார் பெயரும் இல்லை என்றும் சொன்னேன். பெயரில்லாத தாளைக் கண்டு அவருக்கு ஏன் அப்படி வியர்த்தது? படிப்பையே நிறுத்தச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லி வாசல் கதவைத் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை.

அவர் போனபிறகு எனக்கும் மனம் தடுமாறியது. எடுத்துவிட்டால் அக்காவுக்காவது தொல்லை குறையுமே என்று தோன்றியது. மறுநாள் காய்கறிக் கடையில் அவரைப் பார்த்தேன். இந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தார். அவர் வீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். கடைக்காரர் எடை போட்டு முடிக்கும்வரை அவர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "எடுக்காத. அதுலயாவது நான் ஒரு ஆளா இருந்துட்டுப் போறேன்."

திங்கட்கிழமை ஆய்வை அப்படியே கொடுத்துவிட்டேன்.

முன்னறையில் உங்கள் பெட்டிகளை ஒதுக்கிக் கட்டில் போட்டிருக்கிறேன். நம் வீட்டுச் சாவி ஒன்று அக்காவிடம் இருக்கிறது. இதற்கெல்லாம் உங்கள் சம்மதம் கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான். அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அண்ணிக்குப் போன் செய்யுங்கள். நன்றாக இருக்கிறீர்களா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆனாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

உங்களை நம்பும்,
உங்கள் மனைவி