மண்ணாங்கட்டிக்கு முயல் சொன்ன சாட்சி

விக்கிரவாண்டி,
வெகுதானிய வருஷம், தை மாதம்.

பினாங்கில் இருக்கும் என் ரோஷக்காரத் தம்பி பூமாலைக்கு, அக்காள் அம்சவள்ளி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் காகிதம். தபாலில் போடாமல், கப்பல் ஏறும் சீனுவாசன் கையில் கொடுத்திருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போடு. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வாத்தியார் பிரம்புக்கு நீ ஓடின பிறகும் நான் ஒரு வருஷம் படித்தவள்.

நம் மாமன் மகன் மண்ணாங்கட்டியைத் தூக்கில் போடுமுன் நீ வந்து, "வெட்டினது நான்" என்று சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். கப்பல் ஏறாதே. அவனை விட்டுவிட்டார்கள். காப்பாற்றினது ஒரு முயல்!

ஆடியில் அம்மனுக்குக் கிடா வெட்டினது நீங்கள் இரண்டு பேர். காப்பு அவிழ்க்கும்வரை வெட்டினவன் வேட்டியைத் துவைக்கக் கூடாது. அதற்குள் பண்ணைக் காரியக்காரன் சுப்பராயலு திண்டிவனம் ரோட்டில் கழுத்து பாதி அறுந்து, குடல் சரிந்து கிடந்தான். போலீஸ் நம் தெருக் கதவுகளை உதைத்து வந்தபோது, ரத்த வேட்டியோடு உட்கார்ந்து கூழ் குடித்தவன் மண்ணாங்கட்டி. "ஆட்டு ரத்தம் சாமி" என்றான். "எல்லா ரத்தமும் செவப்புதாண்டா" என்று பூட்ஸால் வாயில் உதைத்தார்கள். முன்பல் எல்லாம் போச்சு. குறடால் நகத்தைப் பிடுங்கினார்கள்.

வேட்டியும் கொடுவாளும் ரத்தப் பரிசோதனைக்குக் கல்கத்தாவுக்குப் போயின. வக்கீல் விளக்கிச் சொன்னார். முயலுக்கு ஆட்டு ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றுவார்களாம். பிறகு அந்த முயல் ரத்தத்தில் தெளிந்த நீரை எடுத்து, வேட்டிக் கறையைக் கரைத்து விட்டால், ஆட்டு ரத்தத்துக்கு மட்டும் கலங்குமாம். மனுஷ ரத்தத்துக்கு வேறு முயல். வேட்டி ஆட்டுக்குக் கலங்கியது, மனுஷனுக்குக் கலங்கவில்லை. "சாட்சிக்குக் குடுக்கற படிக்காசு அந்த முயலுக்கும் உண்டுங்களா?" என்றேன். "போம்மா, கேலி பண்ணிக்கினு" என்று சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவனுக்குக் களியைக் கரைத்து ஊற்றினேன். "மாமா, இனிமே உன் பங்கு கறியும் எனக்குத்தான்" என்றேன். சிரித்தான். வாயில் இருட்டுதான் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "காப்பு கையிலே இருக்கறப்பவே உன் தம்பி ஏரியில வேட்டியத் தொவச்சான், அம்சா. நான் பாத்தேன்."

கலயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "சொல்லியிருந்தா அடி நின்னிருக்குமே மாமா?"

"மல்லாட்டைக் கொல்லையில முழுகாம இருந்த ஜெயத்த வயித்துல அந்தப் பாவி சுப்பராயலு ஒதைச்சப்போ, நான் பக்கத்துல தலையக் குனிஞ்சிக்கினு களைவெட்டிக்கினுதான இருந்தேன். புள்ளையும் தாயுமா போனாங்க. தன் பொண்டாட்டிக்காக உன் தம்பி நிமிந்தான். நான் வாயத் தொறக்காமயாவது இருக்கலாம்னு இருந்துட்டேன்."

இப்போது இன்ஸ்பெக்டர் மறுபடியும் வருகிறான். வேறு யார் கிடா வெட்டினது, அவன் வேட்டி எங்கே என்று சின்னப் பிள்ளையைக்கூட மிரட்டுகிறான். நேற்று கோவிந்தம்மாளை மயிரைப் பிடித்து இழுத்து அறைந்தான். தெரு முழுக்க ஒரே பேச்சு: "மண்ணாங்கட்டி ஒருத்தந்தாங்க."

நீ வந்து கழுத்தை நீட்டினால் இத்தனை பேர் வாங்கின அடியும் வீண். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டியோடு நூறு வயசு இரு. நான் செத்துப்போனதாகக் காகிதம் வந்தாலும், அக்காள் கேலி பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே இரு கண்ணு.

இப்படிக்கு,
உன் அக்காள்
அம்சவள்ளி