அப்பாவின் நானூறு பங்குகள்

மார்ச் 4

என் குட்டி எஞ்சினியருக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நலம்தானே? ஃபோன் இருக்கும்போது இந்த மனிதருக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். ஃபோனில் பேசினால் உன் சித்தியின் காதில் விழும். எழுதுபொருள் கடைக்காரனுக்குத் தாளுக்கா பஞ்சம்? நீயும் கடை முகவரிக்கே பதில் போடு. வீட்டுத் தபால் பெட்டியின் சாவி உன் சித்தியிடம். என் பெயருக்கு வரும் கரண்ட் பில்லைக்கூட அவள்தான் பிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த கம்பெனி, அதுதான் சிப் ஆலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கிற கம்பெனி, அதன் பங்கு ஒரு மாதமாகச் சறுக்கிக்கொண்டே இருக்கிறது. ஆயிரத்துக்குப் போனது இன்று அறுநூற்று எண்பது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டு வருடம் முன்பு இதே மாதிரி விழுந்தபோது, அண்ணன் தன் நானூறு பங்குகளை என் மூலமாக யாரோ ஒருவருக்கு விற்றாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனிமேல் சொல்வதில் என்ன? வாங்கியது நான்தான். வெளியாள் கைக்குப் போவானேன் என்றுதான். அன்றிலிருந்து ஒன்றைக்கூட விற்றதில்லை. வாங்கத்தான் செய்தேன். போன வருடம் உன் சித்தியின் மனையை விற்ற பணத்தையும் அதிலேயே போட்டேன். அவள் அது பேங்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ சிப் ஆலையில் அந்த இயந்திரங்களைத் தினமும் திறந்து மூடுகிறவள். வைத்திருக்கவா, விற்கவா? சொல்லம்மா.

உன் சித்தப்பா


மார்ச் 11

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாதாரணத் தாளில் தூசி பறக்கும் என்று அதை ஆலைக்குள் கொண்டுபோக விடவில்லை. உடை மாற்றும் அறை பெஞ்சில், பாதி மாட்டிய வெள்ளை உடையோடு உட்கார்ந்து படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

அம்மா நலம். முழங்கால் வலிதான் விடமாட்டேன் என்கிறது. அப்பாவின் கருவிப் பெட்டி என்னிடம் இருக்கிறது. அவருடைய ஸ்பேனரைத்தான் வீட்டில் புழங்குகிறேன். பெட்டியில் அவர் பத்திரப்படுத்தியதெல்லாம் அப்படியே இருக்கின்றன.

இயந்திரக் கதவின் ரப்பர் வளையம் கசிந்தால் எனக்குத் தெரியும். பங்கு எங்கே போகும் என்று இயந்திரம் என்னிடம் சொல்வதில்லை. பேப்பரில் வருவதைத்தான் நானும் படிக்கிறேன். சிப் ஆலைகள் செலவைக் குறைத்தால் முதலில் அடி வாங்குவது இயந்திரம் செய்கிறவர்கள்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த வயதில் இவ்வளவு பதற்றம் உடம்புக்கு ஆகாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். பாரத்தை என் தோளில் இறக்கிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் குட்டி எஞ்சினியர்


மார்ச் 20

செல்ல மகளுக்கு,

எவ்வளவு பக்குவமாக எழுதுகிறாய்! உன் கடிதத்தைக் கல்லாப்பெட்டியில் வைத்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் படிக்கிறேன்.

ஆனால் அவசரப்பட்டு ஒரு காரியம் செய்துவிட்டேன். ஐந்நூற்று ஐம்பதுக்கு வந்ததும், இதற்குமேல் எங்கே விழப்போகிறது என்று கையில் இருந்ததைப் போட்டு இன்னும் வாங்கினேன். மறுநாளே ஐந்நூறு. இன்று நானூற்று எழுபது. வாடிக்கையாளர் பேனா கேட்டால் ரப்பரை எடுத்துக் கொடுக்கிறேன். உன் சித்தி, "என்னங்க, ஃபோனை அப்படி முறைக்கிறீங்க? யாராவது கடன் கேட்டாங்களா?" என்கிறாள். முதுகு வேர்த்துவிடுகிறது.

சுற்றி வளைக்காமல் ஒரு வார்த்தை எழுது. நீ சொல்வதைச் செய்கிறேன்.

சித்தப்பா


மார்ச் 26

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இது பங்கு அல்ல, ஓட்டை வாளி. எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. இன்று கிடைப்பது நாளை கிடைக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? நானே என்னிடம் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டேன். விற்ற அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வீட்டில் சொல்லி அவர்களையும் கலங்கவைக்க வேண்டாம். இது நமக்குள் இருக்கட்டும். பாரத்தை என் தோளில் இறக்கிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் குட்டி எஞ்சினியர்


ஏப்ரல் 2

என் குலவிளக்குக்கு,

விற்றுவிட்டேன். ஒன்று பாக்கியில்லாமல். நானூற்றுப் பத்துக்குத்தான் போனது. நஷ்டம் பெரிய நஷ்டம், ஆனாலும் தலையிலிருந்து பாறாங்கல்லை இறக்கிய மாதிரி இருக்கிறது. நீயும் விற்றுவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்குத் துணிச்சலே வந்தது. பெற்ற பிள்ளைகூட இவ்வளவு அக்கறையாகச் சொல்லாது.

கடையில் இருப்பதிலேயே நல்ல மைப்பேனா ஒன்று அனுப்பியிருக்கிறேன். மறுக்காதே.

என்றும் உன் நன்றி மறவாத
சித்தப்பா


ஜூலை 2

அன்பு மகளுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே. வேலை அதிகமோ?

பார்த்திருப்பாய். அந்தப் பாழாய்ப்போனது எண்ணூற்றுத் தொண்ணூறுக்கு வந்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் போட்டதில் பெரும்பங்கு திரும்பியிருக்கும். உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நீயும்தானே விற்றாய், பாவம். இரண்டு பேரும் ஒரே படகு.

உன் சித்திதான் மனைப் பணத்தை எடுத்துக் கடைக்கு மேலே ஓர் அறை கட்டலாம் என்கிறாள். நாளுக்கு ஒரு சாக்குச் சொல்லி ஓட்டுகிறேன். இவளிடம் என்ன சொல்வது என்று உனக்கு ஏதாவது யோசனை தோன்றினால் எழுது. உன் வார்த்தையில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

சித்தப்பா


ஜூலை 9

சித்தப்பாவுக்கு,

என் வார்த்தையில் ஆறுதல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவை என் வார்த்தைகள் அல்ல.

இத்துடன் இரண்டு கடிதங்களின் நகல் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் முன்பு, அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று அப்பாவின் கம்பெனி முகவரிக்கு நீங்கள் எழுதியவை. கருவிப் பெட்டியில், ஸ்பேனருக்கு அடியில் வைத்திருந்தார். ஓட்டை வாளி, கெட்டிக்காரத்தனம், நமக்குள் இருக்கட்டும், பாரம், தோள், சாப்பாடு எல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. "அண்ணா" என்பதை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே உங்களுக்கு எழுதினேன். முதல் கடிதத்திலேயே கண்டுபிடித்துக் கத்துவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பேனா அனுப்பினீர்கள். எழுதியதே ஞாபகம் இல்லை உங்களுக்கு. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிகிறது.

"நானே என்னிடம் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டேன்." நான் எழுதியதில் பொய் அது ஒன்றுதான், அதுவும் உங்களுடையது. விற்பதற்கு என்னிடம் ஒரு பங்குகூட இருந்ததில்லை. விழும்போது முதலில் விழுகிற இந்தப் பங்கு, நிமிரும்போதும் முதலில் நிமிரும் என்பதையும் நான் எழுதவில்லை. நீங்களும் அப்பாவுக்கு எழுதவில்லை.

அந்த நானூறும் என் படிப்புக்கென்று அவர் வைத்திருந்தவை. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் விலை ஐந்து மடங்காக ஏறியிருந்தது. அப்பா கம்பெனியிலிருந்து வந்து, பக்கத்துத் தெரு சலவைக் கடையில் நின்றபடியே இஸ்திரி போட்டார். நாலு வருடம். நான் உங்களைத் திட்டியபோதெல்லாம், "தம்பி என்னம்மா பண்ணுவான்? அவனும் வித்துட்டானே, பாவம்" என்றார். சாகும்வரை உங்களுக்காகப் பரிதாபப்பட்டார். நானும் நம்பினேன். வாங்கியது நீங்கள் என்று உங்கள் மார்ச் கடிதம் சொல்லும்வரை நம்பினேன்.

நீங்கள் விற்ற செய்தி வந்த அன்றே என் சேமிப்பைத் துடைத்தெடுத்து நானூறு பங்குகள் வாங்கினேன், அம்மா பெயரில். இன்னும் விழுந்திருந்தால் அதுவும் போயிருக்கும். போனால் போகட்டும் என்றுதான் வாங்கினேன். எனக்கு லாபம் பெரிதில்லை. நீங்கள் விற்க வேண்டும், அது ஏற வேண்டும், நீங்கள் அதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பேனாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன் மகள்

பி.கு.: இதைக் கடைக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கு, சித்தியின் பெயருக்கு அனுப்புகிறேன். சித்தி, முதலில் படிப்பது நீங்களாகத்தான் இருக்கும். மனை விற்ற பணம் பேங்கில் இல்லை, அவர் மார்ச்சில் எழுதிய கடிதமும் இந்த உறைக்குள் இருக்கிறது. உங்கள் பணமும் சேர்ந்து போகும் என்று தெரிந்தே எழுதினேன். கை கொஞ்சம் தயங்கியது, நிற்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம். படித்து முடித்ததும் அவரிடம் கொடுங்கள்.