கீபோர்டுக்குள் ஒரு மிளகாய் விதை

இன்று காலை பழைய கீபோர்டு ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினேன். தூசி, தலைமுடி, துருப்பிடித்த ஒரு குண்டூசி எல்லாம் விழுந்தன. கடைசியில் மஞ்சளாய், தட்டையாய், ஒரு மிளகாய் விதை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டேன். மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் கழித்து விதையில் நெடி எங்கே இருக்கப்போகிறது? ஆனாலும் தும்மல் வந்தது. "நூறு" என்று சொல்ல நீ இல்லை.

ஆரியசாலைக் கடைத்தெருவின் அந்த வற்றல் மிளகாய்க் கிட்டங்கி உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்பது அசட்டுத்தனம். கீழே நீயும் மற்றப் பெண்களும் மூட்டை மூட்டையாகக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பீர்கள். மரப்படி ஏறினால் மாடியில் என் வகுப்பு. ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட மூன்று கம்ப்யூட்டர்களைப் பெண்கள் சங்கம் வாங்கிக் கொடுத்திருந்தது. பிற்பகல் வெயில் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும். சிவப்புத் தூசி அதில் மெதுவாக மிதக்கும். மோடம் கொஞ்ச நேரம் முனகி, கீச்சிட்டு, பிறகு அடங்கும். இப்போது நினைத்தால் அந்த அறையில் யாரும் சத்தமாகவே பேசியதாகத் தோன்றவில்லை. உண்மையில் உங்கள் கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

ஊரில் அப்போது கம்ப்யூட்டர் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாடமெல்லாம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நீங்கள் மலையாளத்தில் பேரம் பேசுவீர்கள், சண்டையும் போடுவீர்கள், வாசிக்கத்தான் தெரியாது. அதனால்தான் கோட்டைத் தெருவில் குடியிருந்த நான் உங்கள் மாடிக்கு வந்தேன். உன் வயதுதான் எனக்கும். நீ என்னை டீச்சர் என்று கூப்பிட்டது பாதி மரியாதை, பாதி கேலி.

முதல் வாரமே வினை வந்தது. சங்கத்தின் தலைவி பார்வையிட வந்தார், மவுஸை ஆட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அவரைக் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது. உங்கள் விரல்களில் இருந்த காரமெல்லாம் மவுஸுக்கும் கீபோர்டுக்கும் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து மேல்படியில் ஒரு தேங்காயெண்ணெய் பாட்டில். எண்ணெய் தேய்த்து, செய்தித்தாளில் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் நாற்காலி. எண்ணெய் மிச்சத்தில், கீகளின் மேல் நான் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துச் சீட்டுகள் வழுக்கிக் கழன்று வந்தன. ராத்திரியெல்லாம் வெட்டி ஒட்டியவை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நீ சிரிப்பாய்.

எல்லாரும் தங்கள் பெயரை அடித்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். உனக்குப் பிடித்தது அழிக்கும் பொத்தான்.

"சொன்னதைச் சொல்லாம ஆக்கதுக்கு ஒரு பொத்தான் இருக்குல்லா டீச்சரே, இதாக்கும் நல்ல சாதனம்" என்றாய்.

எனக்கு அது அப்போது புரியவில்லை. பின்னால் ஒரு நாள் உன் முதுகுக்குப் பின்னால் நின்றபோது புரிந்தது. "வந்துருங்க" என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாய். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாய்.

உன் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் கட்டட வேலையில் இருந்தார். வருஷக்கணக்காக ஊர் திரும்பவில்லை. கிட்டங்கிக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு அழைப்பு வரும். அவர் நல்லா இருக்கேன் என்பார், நீயும் நல்லா இருக்கேன் என்பாய், பேச்சு முடிந்துவிடும். அந்த வருஷம் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கையெழுத்துப் போட்டால் இன்னும் சில வருஷம் அங்கேயே. போடாவிட்டால் வீடு. "நீ என்ன சொல்லுதே?" என்று அவர் கேட்டதற்கு "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

"வான்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடி?" என்று கேட்டேன்.

"நான் கூப்பிட்டு வந்து, இங்க வேலை கிடைக்காம அவுக முகம் வாடினா? அதைப் பாக்கதுக்கு எனக்கு வய்யா, டீச்சரே."

அந்தச் சமயத்தில்தான் நம் வகுப்புக்குக் கேமரா வந்தது. கையெழுத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை, அங்கே ஒரு நெட் கடையில் உட்காருவதாக ஏற்பாடு. லோடு வந்துவிட்டதால் நீ தாமதமாகத்தான் வந்தாய். எண்ணெய் பாட்டிலைக்கூடத் தொடாமல் ஓடிவந்து உட்கார்ந்தாய். தலையில் மிளகாய்த் தூசி. முதல் பாடத்தில் நான் சொல்லிக் கொடுத்தபடி பத்து விரலையும் நடு வரிசையில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி நிமிர்ந்து இருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது.

படம் சதுரம் சதுரமாக வந்தது. முதலில் ஒரு நெற்றி. அப்புறம் கண்கள். நரைத்த மீசை. லைன் மெதுவாக இருந்ததால் குரல் இல்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் முகம் மாறியது. கேமராவை ஒட்டி வந்துவிட்டார். "ஏன் அழுதே?" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தார். திரும்பிப் பார்த்தால் உன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"மிளகா, டீச்சரே. எண்ணெய் போடாம வந்துட்டேம்லா" என்றாய்.

அதை அடித்துச் சொல்லிவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"வேண்டாம். இருக்கட்டும்."

அந்தப் பக்கத்தில் அவர் மறுபடி மறுபடி அதே கேள்வியை அடித்துக்கொண்டிருந்தார். லைன் அறுந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் தம்பானூர் ஸ்டேஷனில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்.

வேலை கிடைக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. பிறகு அதே தெருவில் மூட்டை இறக்கினார். சாயங்காலம் படிக்கட்டின் அடியில் இருவரும் ஒரே கிளாஸில் டீ குடிப்பதை மாடியிலிருந்து பார்ப்பேன். "என் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தது குண்டூர் வத்தலாக்கும்" என்று நீ எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வாய். அந்த ரகசியத்தைக் காப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

போன மழைக்காலத்தில் நீ போனாய். பதினாறு கழிந்து உன் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார்.

"இங்கதான் இருந்தாளா, டீச்சர்?"

நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க மனசு தாங்கவில்லை. இனியும் மறைப்பானேன் என்று தோன்றியது.

"அன்னிக்கு அவ அழலை. கையில இருந்த மொளகா. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டா."

அவர் லேசாகச் சிரித்தார். "நான் வந்த அன்னைக்கே அதைச் சொல்லிட்டா டீச்சர். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. நானும் சேந்து சிரிச்சேன்." பிறகு நாற்காலியைப் பார்த்தபடியே சொன்னார். "மிளகா பட்டாக் கண்ணைக் கசக்காம இருக்க முடியுமா? படம் விட்டு விட்டுத்தான் வந்துது. எப்பப் பாத்தாலும் அவ கை ரெண்டும் அந்தப் பலகை மேலதான் இருந்துது. ஒரு தடவை உங்க கையைப் பிடிச்சா. கண்ணுகிட்ட போகவே இல்ல. நீங்க பக்கத்துல தானே நின்னீங்க?"

பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் திரை மேல்தான் கண். கடல் தாண்டி இருந்தவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இத்தனை வருஷமும் உன்னோடு சேர்ந்து அவரை ஏமாற்றியதாக நினைத்திருந்தேன். ஏமாந்தவள் நான் ஒருத்திதான், கள்ளி. உன் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அழுகைதான் வருகிறது.

விதையை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன். எண்ணெய் பாட்டில் இன்னும் மேல்படியில் இருக்கிறது. இப்போதும் பெண்கள் ஏறி வருகிறார்கள், கேமரா முன்னால் உட்காருகிறார்கள். நான் திரையைப் பார்ப்பதில்லை. உட்கார்ந்திருப்பவளின் முகத்தையும் கையையும் பார்க்கிறேன். நேற்று ஒருத்தி மகனைப் பார்த்துக்கொண்டே கண்ணீர் வழிய, "மிளகா, டீச்சர்" என்றாள். கை கீபோர்டிலேயே இருந்தது. ஆமாம், மிளகாய்தான் என்றேன்.