வாத்தியார் கண்

ஜூன் 4
மனைவியின் தையல் வகுப்பு இணையதளம் என் பொறுப்புக்கு வந்து ஏழு மாதம். அவள் போயும் ஏழு மாதம். மகள் (நாற்பது வயதிலும் எங்களுக்குப் பாப்பாதான்) இன்று தொலைபேசியில் நிறங்களை விளக்கினாள். ஒரு நிறத்துக்குப் பெயர் வைத்து, பக்கமெங்கும் அந்தப் பெயரையே கொடுத்துவிட வேண்டும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். அதற்கு 'மாறி' என்று பெயர். வகுப்புத் தலைவன் எழுந்தால் வகுப்பே எழுவதுபோல என்றேன். சிரித்தாள்.

"அம்மா வச்ச பேரைப் பாருங்கப்பா. தலைப்பு, பின்னணின்னு வேலையைச் சொல்லி வைக்கணும். இவங்க வீட்டையே வச்சிருக்காங்க."

உண்மைதான். ஜன்னல் பச்சை. பழைய குடை. பின்னணி வெள்ளைக்கு, வாத்தியார் கண். என்னை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவாள்.

ஜூன் 9
பின்னணி மஞ்சளடிக்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். அப்படியேதான்.

ஜூன் 10
ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டாம். வெள்ளைக்குரிய எண்ணை நானே போட்டுச் சேமித்தேன்.

ஜூன் 11
மறுபடி மஞ்சள், இன்னும் அழுத்தமாக. எண்ணே மாறியிருக்கிறது. 'கடைசியாக மாற்றியவர்' என்ற இடத்தில் அவள் பெயர்.

"யாரோ அம்மா கணக்குல நுழைஞ்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை அதை அழிச்சிடுங்கப்பா."

அந்தக் கடவுச்சொல் எனக்கே தெரியாதே.

ஜூன் 13
குடை அசையவில்லை. ஜன்னல் அசையவில்லை. இது மட்டும் ஏன்? ஏண்டி, என்ன சொல்ல வர்ற? வாயத் திறந்து சொல்லேன்.

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு
அழிக்க உட்கார்ந்தேன். கை வரவில்லை. வயிறு வேறு புரட்டியது. மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை கேட்டேன். கடைக்காரர் எடுக்கவே இல்லை.

"வெளிச்சத்துக்கு வாங்க சார். கண்ணு என்ன இப்படி இருக்கு? கண்ணாடியே பாக்கறதில்லையா?"

என் குளியலறை பல்பில் எல்லாமே மஞ்சள்தான். அவர் கைக்கண்ணாடியை நீட்டினார். அந்த நிறம் — ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

ஜூன் 16
ஆஸ்பத்திரி. பித்தக்குழாயில் கல். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா எங்க கைய மீறியிருக்கும்" என்றார் டாக்டர்.

ஜூன் 29
வீடு. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து தளத்தைத் திறந்தாள். பின்னணி வெள்ளை. நாங்கள் யாரும் தொடவில்லை.

"கணக்கை அழிச்சிடவாப்பா?"

"வேணாம்மா. இருக்கட்டும்."

பட்டியலின் அடியில் புதிதாக ஒரு மாறி: பாப்பா நகம். இளஞ்சிவப்பு.

அவள் கையை இழுத்துப் பத்து விரலையும் பார்த்தேன்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

ஜூலை 5
தளத்தைத் திறந்து பார்த்தேன். இளஞ்சிவப்புதான்.

ஜூலை 6
இளஞ்சிவப்பு.